விமான லிஃப்டும் ஒரு ‘டக்’ சத்தமும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சம்பா அறுவடை முடிந்து சாலையெங்கும் வைக்கோல் வண்டிகள் போய்க்கொண்டிருந்த மாசி மாதம். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகும் வழியில் இருந்த ஒரு லேத் பட்டறையில்தான் நான் சொல்லப்போகும் விஷயம் தொடங்கியது.

நான் பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் டிசைன் இன்ஜினீயர். விமானத்துக்குள் வைக்கும் அலமாரி, சாப்பாட்டு வண்டி, அவற்றைப் பூட்டி வைக்கும் சட்டங்கள் இவற்றை வரைவதுதான் எங்கள் வேலை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் செய்து என்னைப் படிக்க வைத்தவர்கள். எங்கள் தெருவில் முதல் இன்ஜினீயர் நான்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இந்த வேலை கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற பயம் எனக்குள் எப்போதும் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒரு பெரிய பொறுப்பு வந்தது. சில பெரிய விமானங்களில் சமையல் பகுதி பயணிகளுக்குக் கீழே, விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும். அங்கிருந்து சாப்பாட்டு வண்டிகளை மேலே ஏற்ற ஒரு சின்ன லிஃப்ட் வேண்டும். கம்பிக் கயிறு இல்லாமல், பல் வைத்த ரப்பர் பெல்ட்டில் ஓடும் லிஃப்ட். எடை குறைவு, எண்ணெய் போட வேண்டாம். இதை முழுக்க முழுக்க நான் வரைய வேண்டும். வரைந்ததை நிஜ அளவில் செய்து ஓட்டியும் காட்ட வேண்டும்.

பெங்களூரில் செய்து கொடுக்க மூன்று மாதம் கேட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து அரிசி ஆலைகளில், நெல்லை மேலே கொண்டுபோக எலிவேட்டர் என்று ஒன்று இருக்கும். பெல்ட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன வாளிகள் கோத்திருப்பார்கள். அதைச் செய்வதில் பெயர் போனவர் அந்த லேத் பட்டறைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். அவரிடம் செய்யலாம் என்று மேனேஜரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினேன்.

வரைபடத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

“பிளேன் உள்ள போற சாமானா மேடம்? நம்ம பட்டறையிலயா?” என்று கேட்டுவிட்டு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். “இங்க வாயேன், இதைப் பாரேன்!”

மூன்று வாரத்தில் லிஃப்டின் இரும்புச் சட்டம் எழும்பிவிட்டது. ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. சட்டத்தின் ஒவ்வொரு காலும் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மறுநாள் வெயில் ஏறியதும் இன்னொரு தடவை பார்த்துத்தான் வெல்டிங் வைத்தார். சாப்பாட்டு வண்டிக்குப் பதிலாக இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பங்கள் நான்கைப் பெட்டியில் அடுக்கி மேலே ஏற்றி இறக்கினோம். அவருடைய மனைவி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சுவிட்சைப் போடுவார், நோட்டில் ஒவ்வொரு நடைக்கும் ஒரு கோடு கிழிப்பார். ஏறுவதும் இறங்குவதும் வெண்ணெயாக இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஓட்டத் தொடங்கிய இரண்டாவது வாரம் அவர் எனக்கு போன் செய்தார்.

“மேடம், ஒரு சத்தம் வருது. பெட்டி பாதி உயரத்துக்கு வரப்ப டக்னு ஒண்ணு. வந்து கேட்டுட்டுப் போங்களேன்.”

போனேன். சத்தம் இருந்தது. கவனித்துக் கேட்டால்தான் கேட்கும், நாக்கைத் தட்டுகிற மாதிரி.

“பெட்டிகிட்டேருந்து வரல மேடம். கீழ அந்தச் சின்ன வீல் பக்கத்துலேருந்து வருது. நாங்க மில்லுல இவ்ளோ சின்ன வீல் போட மாட்டோம்.”

பெல்ட்டைத் திருப்பிவிட, அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் வைத்திருந்தேன். பெல்ட் கம்பெனியின் புத்தகத்தில், இந்த அளவுக்குக் குறைந்த சக்கரம் போடக் கூடாது என்று ஓர் எண் இருந்தது. என் சக்கரம் அதைவிடக் கொஞ்சம் சின்னது. விமானத்துக்குள் இடம் இரண்டு விரல்கடை பற்றவில்லை. அந்த எண்ணைப் பார்த்தேன், ‘கொஞ்சம்தானே’ என்று தாண்டினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

“புது பெல்ட்டுதானேண்ணே, ஓட ஓட சரியாயிடும்” என்றேன்.

அவர் ஒருமுறை அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். “நீங்க சொன்னா சரி மேடம்” என்றார்.

பங்குனி முடிவில் லிஃப்டைக் கழற்றி லாரியில் ஏற்றி பெங்களூருக்கு அனுப்பினோம். லாரி கிளம்பும்போது அவர் சட்டத்தின் காலில் ஒரு சூடத்தைக் காட்டி, விபூதி வைத்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

பெங்களூரில் மூன்றாம் நாள் பெல்ட் அறுந்தது. பெட்டி மேலே போய் நின்றிருந்த நேரம். அங்கிருந்த டெக்னீஷியன் ஒருவர் கீழே குனிந்து எதையோ எடுத்துவிட்டு நிமிர்ந்து, ஓர் அடி நகர்ந்திருக்கிறார். அவர் நின்ற இடத்தில் நூறு கிலோ வந்து விழுந்தது. வீடியோவில் பார்த்தேன். அந்த ஓர் அடியைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன்.

மறுநாள் காலையே ஆன்லைன் மீட்டிங். எட்டுப் பேர். மேனேஜர் நேராக என்னிடம் கேட்டார், என்ன காரணம் என்று. அடுத்த அறையில் அம்மா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“ஃப்ரேம் கொஞ்சம் கோணலா இருந்திருக்கலாம் சார். லோக்கல் ஃபேப்ரிகேஷன்...” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மத்தியானம் வந்த ரிப்போர்ட்டில் ‘இருந்திருக்கலாம்’ என்பது ‘இருந்தது’ என்று ஆகியிருந்தது. அந்தப் பட்டறைக்கு இனி வேலை கொடுக்க வேண்டாம் என்று கீழே ஒரு வரி. நான் படித்தேன். திருத்தவில்லை.

அவருக்கு போன் செய்து நானே சொன்னேன். “ஃப்ரேம் கோணலா இருந்திருக்குண்ணே. அதான் பெல்ட் அறுந்துடுச்சு.”

“குண்டு விட்டுப் பாத்தேனே மேடம்” என்றார். அப்புறம், “யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?” என்று கேட்டார். ஆகவில்லை என்றேன். “கடவுள் காப்பாத்துனார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, அறுந்த பெல்ட் கூரியரில் எனக்கு வந்தது. சட்டம் கோணலாக இருந்திருந்தால் பெல்ட்டின் ஓரம் தேய்ந்து பிசிறு பிசிறாக வந்திருக்கும். ஓரம் இரண்டும் புதிதாக அப்படியே இருந்தது. சமையலறைக் கத்தியை எடுத்து முதுகைக் கீறிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பிகள், அந்தச் சின்னச் சக்கரத்தில் வளைந்து வளைந்து, ஒவ்வொன்றாக முறிந்திருந்தன. கம்பி முறிந்த இடம் சக்கரத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சத்தம் வந்திருக்கிறது. அவர் காட்டிய அதே இடத்தில்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. பெரிய சக்கரம் போட்டு, அதற்கு ஏற்றபடி மற்றதை எல்லாம் மாற்றி, ‘மேம்படுத்தப்பட்ட டிசைன்’ என்று அனுப்பினேன். பெங்களூரிலேயே வேறு ஓரிடத்தில் செய்தார்கள். நன்றாக ஓடியது. பாராட்டி மெயில் வந்தது. அவர் பட்டறை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால், நான் மறுபக்க ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தேன்.

எட்டு மாதம் போனது. குறுவை நெல் கொஞ்சம் அரைக்க வேண்டியிருந்தது. அம்மாவோடு அரிசி ஆலைக்குப் போனேன். எலிவேட்டர் ரிப்பேராகி, ஆட்கள் நெல்லைத் தலையில் சுமந்து மேலே கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலைக்காரர் அலுத்துக்கொண்டார்.

“கும்மோணம் ரோட்டு லேத்துக்காரர்தான் நமக்கு எப்பவும் செய்வார். இப்ப கூப்பிட்டா வர மாட்டேங்கறார். கேட்டா, நான் அடிக்கிற ஃப்ரேம் கோணலாப் போவுது, கீழ ஆளுங்க நிக்கிற எடம், வேணாம்ங்கறார். நல்ல வேலைக்காரர். என்னாச்சுன்னே தெரியல.”

நெல் தூசியில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா ஏதோ கேட்டாள், எனக்குக் காதில் ஏறவில்லை. நான் சொன்ன பொய்யை அவர் நம்பிவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அவருக்கு ஓர் ஆர்டர் போனது என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

ஆலை வாசலிலேயே, போனில், மேனேஜருக்கு மெயில் எழுதினேன். தப்பு என்னுடையது, சக்கரத்தின் அளவு, எனக்குத் தெரிந்தே செய்தது, சட்டம் சரியாக இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒரு வரியில் பதில் வந்தது. டிசைன்தான் சரியாகிவிட்டதே, ரிப்போர்ட்டைத் திருத்திக்கொள்வோம், இனி கவனமாக இருங்கள் என்று. அவ்வளவுதான். எதற்காக அத்தனை நாள் பயந்தேனோ, அது நடக்கவே இல்லை.

அந்த மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஜன்னல் கிரில் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க மேடம், வாங்க” என்றார். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, “ஒரு நிமிஷம் வாங்க” என்று என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். அங்கே எங்கள் லிஃப்டின் சட்டம் நின்றது. அதே அளவு, அதே உயரம். பெங்களூருக்கு அனுப்பியது இங்கே எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

“உங்க டிராயிங் ஒரு காப்பி இருந்துச்சு. எங்க தப்பு விட்டேன்னு பாக்க இன்னொண்ணு அடிச்சேன். இதுவும் நேராத்தான் வந்திருக்கு மேடம். நாலு தடவை அளந்துட்டேன். அதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது.”

சட்டத்தில் அவரைக்கொடி படர்ந்து பூவிட்டிருந்தது. “சும்மா நிக்குதேன்னு நான்தான் ஏத்திவிட்டேன்” என்றார் அவர் மனைவி பின்னாலிருந்து.

அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தில் இருந்த எண்ணை, நான் அதைத் தாண்டியதை, மீட்டிங்கில் பேசியதை, பெல்ட்டைக் கீறிப் பார்த்ததை. அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், முடியவில்லை.

“அப்ப அந்தச் சத்தம்...” என்றார் அவர்.

“அந்த வீல்தாண்ணே. நீங்க சொன்ன எடம்தான்.”

“சொன்னேனே மேடம்.”

கோபமாக அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னோமா இல்லையா என்று தனக்குத்தானே சரிபார்த்துக்கொள்வது மாதிரி சொன்னார். அவர் மனைவிதான் கேட்டார்.

“பத்து நாள்லயே தெரிஞ்சுடுச்சுங்கறீங்க. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல? எந்த வேலை வந்தாலும் இவரு அளக்கறாரு, அளக்கறாரு, அளந்துக்கிட்டே இருக்காரு. எனக்குப் பாக்க முடியல.”

அவர்தான், “விடு, வந்து சொன்னாங்கல்ல” என்று அடக்கினார். டீ வாங்கிவரச் சொல்லி, குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆலைக்காரரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அவர் அப்போதே கிளம்பிப் போய் லேத்துக்காரரைக் கையோடு அழைத்து வந்தார். இவர் வந்தார், இரண்டு நாள் அளந்தார், இரும்பும் இறக்கினார்கள். மூன்றாம் நாள் காலை, முதல் வெல்டிங் வைக்கும் நேரத்தில், “வேற ஆளப் பாத்துக்குங்கண்ணே, கை வர மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாராம். பெங்களூரிலிருந்து அவருக்குப் புது வேலை தருவதாக நான் வாங்கிவந்த கடிதத்தையும், “பிளேன் வேலையெல்லாம் நமக்கு எதுக்கு மேடம்” என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போதும் வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும்தான் செய்கிறார். வேலை நிறைய வருகிறது, குறை ஒன்றுமில்லை என்கிறார். நான் போனால் நன்றாகத்தான் பேசுகிறார்.

அந்த லிஃப்ட் இன்று ஏதோ ஒரு விமானத்தில் சாப்பாட்டு வண்டிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். அதன் காகிதங்களில் இப்போது ஒரு தப்பும் கிடையாது. காகிதத்தில் இருந்ததைத் திருத்த எனக்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. தன் கையை நம்பியே வாழ்ந்த ஒரு மனிதரின் மனசுக்குள் நான் போட்ட சந்தேகத்தைத் திரும்ப எடுக்கத்தான் இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.