லோகேஸ்வரியின் கட்டைவிரல்

மலேசியாவின் கிள்ளானில் தனியாக வசிக்கும் லோகேஸ்வரிக்கு அறுபதாவது பிறந்தநாள் பரிசாக ஒரு தங்கக் காசு வந்தது. ஒரு பக்கம் மான், சுற்றிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடு. மெல்பர்னில் இருக்கும் மகன் கிஷன் நண்பனிடம் சொல்லி வாங்கி அனுப்பியிருந்தான்.

பெட்டியைத் திறந்ததும் அவள் மேசை விளக்கைத்தான் போட்டாள். 2001-இல் நாடு முதன்முதலாக இந்த மான் காசை அடித்தபோது நாணயச்சாலையில் சோதனைப் பிரிவில் சேர்ந்தவள். போன மாதம் ஓய்வு பெறும்வரை, வெள்ளைக் கையுறையோடு ஒவ்வொரு காசையும் விளிம்பில் பிடித்து விளக்கில் சாய்த்துப் பார்த்தாள். கீறலோ விரல் ரேகையோ தெரிந்தால் அந்தக் காசு வாசலைத் தாண்டாது, உருக்கப் போய்விடும். குறையில்லாததெல்லாம் வெளியே போகும். அவளுடைய வெறுங்கை ஒன்றின் மேலும் பட்டதில்லை.

இந்தக் காசிலும் குறையில்லை. கூட்டைப் பிரித்து, சாமி படத்தின் முன் வைத்து, மானின் நெற்றியில் குங்குமம் இட்டாள். அந்த நேரம் பார்த்துக் கிஷன் வீடியோவில் அழைத்தான்.

"ஐயோ, ஏம்மா தொட்டீங்க? விலை குறைஞ்சிடும்லா!"

"தொடாம தொடாம எல்லாத்தையும் வெளிய அனுப்பினது போதும்டா," என்று வெடித்தாள். "நீ எப்ப வர்ற, அதைச் சொல்லு."

"பார்க்கிறேன்மா. இங்க வேலை..."

அழைப்பு முடிந்தது. லோகேஸ்வரி காசைத் துடைத்து எடுத்து, மானின் முதுகில் கட்டைவிரலை அழுத்தினாள். ரேகை அப்படியே பதிந்தது.

இனி இது வாசலைத் தாண்டாது.