பத்து லிட்டருக்கு நூறு மில்லி

என் ஸ்பானர் பெட்டியில் பிளாஸ்டர் சுற்றிய ஒரு பென் டிரைவ் கிடக்கிறது. மரைன் ஹில்லில் நெட் சென்டர் வைத்திருந்த ஒரு அம்மாவுடையது. மூடி தொலைந்ததும், உப்புக்காற்று படாமலிருக்க அவரே சுற்றினார். அவர் காலமான பிறகு அவருடைய தம்பி கொண்டுவந்து கொடுத்தார்.

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். ஆனால் நான் கைவைத்து உயிர் வராத படகு இஞ்சின் போர்ட் பிளேரில் கிடையாது. சுனாமிக்குப் பிறகு தீவு தீவாகப் புது இஞ்சின்கள் வந்து இறங்கின. ஒரு சந்தேகம் கேட்கக்கூட ஆட்கள் கப்பலேறி என்னிடம் வந்தார்கள். "நீங்க சொல்லுங்க அண்ணே, நான் வெப்சைட்டாப் போடுறேன். ஒருக்கா பிரிண்ட் எடுத்துக்கிட்டா நெட் இல்லாட்டியும் பார்க்கலாம்" என்றார் அந்த அம்மா. இலங்கையிலிருந்து வந்து குடியேறிய கச்சால் தீவில் கடல் வீட்டைக் கொண்டுபோனாலும், இலங்கைத் தோட்டத்துப் பேச்சு அவரிடம் மிஞ்சியிருந்தது. படங்களோடு நாற்பது பக்கம். எங்கள் நெட் அதைத் தாங்காது. பென் டிரைவ் கப்பலில் மெயின்லேண்ட் போனது. சென்னையில் இருந்த அவருடைய தம்பி ஏற்றினார்.

பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவைப் பத்து லிட்டருக்கு நூறு மில்லி என்று சொல்லியிருந்தேன். "இஞ்சினோட வந்த புத்தகத்தைப் பார்ப்பமா அண்ணே?" என்று கேட்டார். "புத்தகம் என்னைக் கேட்டு எழுதட்டும், தங்கச்சி" என்றேன். சரியான அளவு இருநூறு.

லாங் ஐலண்ட்காரர் ஒருவர் போன் செய்தார். "உஸ்தாத், நீங்க எழுதினபடிதான் ஊத்தினேன். நடுக்கடல்ல இஞ்சின் ஜாம். பொஞ்சாதி, ரெண்டு பச்சா, எல்லாம் படகுல. துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம்."

அந்த அம்மாவிடம் அளவைச் சத்தமில்லாமல் மாற்றிவிடச் சொன்னேன். "அது ஏலாது அண்ணே. பழைய தாளைச் சுவத்துல ஒட்டினவனுக்கு எப்படித் தெரியும்? முன்னுக்கு இருந்தது பிழைன்னு எழுதணும்." என் பேர் என்னாவது என்று கத்தினேன். அவர் கீபோர்டை இழுத்துத் தட்டத் தொடங்கினார். ஒரு வரிதான் என்பதால், அறுந்து அறுந்து வந்த நெட்டிலேயே நாலைந்து முறை முயன்று ஏற்றினார்: 'நூறு மில்லி என்றிருந்தது தவறு; இருநூறு மில்லி. தட்டச்சு செய்த என்னுடைய பிழை.' கீழே அவருடைய பெயர். வாசித்துவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

நாம் மாற்றாதவரை அந்தப் பக்கம் அப்படியேதான் நிற்குமாம். போன வாரம் தம்பியைக் கூப்பிட்டு 'என்னுடைய பிழை' என்ற அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். "எதுக்கு அண்ணே? தன் பிழையை அக்கா மாதிரி யாரு ஒத்துக்குவாங்க? இருக்கட்டும்" என்றார். சரி தம்பி என்று போனை வைத்தேன். அலுப்பாக இருந்தது. கையில் எடுத்து வைத்திருந்த பென் டிரைவைத் திரும்பப் பெட்டியிலேயே போட்டேன். பிளாஸ்டருக்குள் அந்த நூறு மில்லி இன்னும் இருக்கிறது. அதைச் சொன்னவன் நான்.