சோபியாவில் ஒரு தலையாட்டல்

பல்கேரியாவின் தலைநகரம் சோபியா. பழைய தேவாலயத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் நிற்கிறோம். வெள்ளிக்கிழமை என்பதால் மனைவிக்கு மரக்கறிதான். ஒரு பேஸ்ட்ரியைக் காட்டி, இறைச்சி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன். கடைக்காரி தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறாள்.

"எங்கட ஆக்கள் ஓம் எண்டு ஆட்டுற மாதிரிக் கிடக்கப்பா," என்கிறாள் மனைவி.

"இது யாழ்ப்பாணமில்லை. இல்லையெண்டுதான் சொல்லுறா."

சிட்னிக்கு வந்த புதிதில், வேலையிடத்தில் என் தலையாட்டல் யாருக்கும் விளங்காமல், மேலும் கீழும் ஆட்டப் பழகியவன் நான். எனக்குத் தெரியாதா?

வாங்கிக் கொடுக்கிறேன். அவள் கடிக்கிறாள். உள்ளே இறைச்சி.

"நான் இருக்கு என்றுதானே ஆட்டினேன்," என்கிறாள் கடைக்காரி ஆங்கிலத்தில், பாவமாக.

"கோவமோ?" என்று மனைவியிடம் கேட்கிறேன்.

அவளும் தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறாள். எந்த ஊர்க் கணக்கில் எடுப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.