குளியலறையில் ஒத்திகை பார்த்த அழைப்பு

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் எதை வாங்கினாலும் "எதுக்கும் இன்னொண்ணு இருக்கட்டும்" என்பார். குடை இரண்டு, பூட்டு இரண்டு, டார்ச்சு இரண்டு. அக்கம்பக்கத்தார் அவருக்கு 'எதுக்கும்' என்று பெயர் வைத்து, மரியாதை குறையக் கூடாதே என்று கடைசியில் ஓர் 'ஆர்' சேர்த்தார்கள். எதுக்குமார் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவர் ஐம்பதைத் தாண்டி ஒரு படகு வாங்கினார். நாலு பேர் தாராளமாக உட்காரலாம் என்றான் விற்றவன். உயிர்காப்புச் சட்டைகள், தீயணைப்பான், ஆபத்துக்குக் கொளுத்தும் சிவப்பு வெளிச்சக் குச்சிகள், நங்கூரம், எதுக்கும் இன்னொரு நங்கூரம் எல்லாம் ஏறிய பிறகு மூன்று பேருக்கே முழங்கால் இடித்தது.

அவருடைய செல்லப்பிள்ளை வயர்லெஸ் பெட்டிதான். கரையை விட்டுத் தள்ளிப் போனால் கைபேசி ஊமையாகிவிடும். வயர்லெஸ்ஸில் பதினாறாம் சேனலில் பேசினால் கடலோரக் காவல் நிலையத்துக்கும் சுற்றியுள்ள படகுகளுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். கண் பரிசோதனைக்கு வந்து, மோவாயைச் சட்டத்தில் பதித்து அசைய முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் இதை விளக்கமாகச் சொல்வார்.

ஒத்திகை குளியலறையில். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 'மேடே' மூன்று தரம்; அவ்வளவு மோசமில்லை, ஆனால் உதவி வேண்டுமென்றால் 'பான் பான்' மூன்று தரம். பிறகு 'வெள்ளை வாத்து' என்ற படகின் பெயர், இருக்கும் இடம், கோளாறு, ஆட்களின் எண்ணிக்கை.

"முங்கினது போதும், வெளிய வாங்க," என்று மனைவி கதவைத் தட்டுவாள். "கரையில இருக்கிறவங்களும் குளிக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் அவள் அண்ணனும் படகில் ஏறினார்கள்.

"மாப்ள, இது படகா, குடோனா?" என்றார் மச்சான். உயிர்காப்புச் சட்டை அவர் தொப்பையோடு ஒத்துப்போகவில்லை. "விழுந்தப்புறம் போட்டுக்கிறேன்."

"மோதினப்புறம் யாரும் பிரேக் போடுறதில்ல, மச்சான்."

மச்சான் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் மூடுபனி இறங்கியது. இன்ஜின் இரண்டு தடவை இருமி நின்றது. கயிற்றை எத்தனை இழுத்தும் உயிர் வரவில்லை. நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளியது. கண்ணுக்குத் தெரியாத பாறைகளில் அலை மோதும் சத்தம் மட்டும் நெருங்கி வந்தது.

எதுக்குமார் மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். வாய் திறந்தது, குரல் வரவில்லை.

"பேசுங்களேன்," என்றாள் மனைவி.

"இது மேடேயா, பான் பானா? படகு முழுகல. ஆனா பாறை இருக்கு."

"எதையாவது சொல்லுங்க."

"தப்பாச் சொல்லக் கூடாதும்மா."

கட்டைவிரல் பொத்தானை விட்டு எழவேயில்லை. இந்தக் குடும்பத் தகராறு சுற்றுவட்டாரப் படகுகள் அத்தனையிலும் ஒலிபரப்பானது.

அவள் மைக்கைப் பிடுங்கினாள். "பான் பான், பான் பான், பான் பான். வெள்ளை வாத்து பேசுது." பெட்டியின் திரையில் தெரிந்த இடக் குறியீட்டை ஒவ்வோர் எண்ணாக வாசித்தாள். "இன்ஜின் நின்னுடுச்சு. பாறைப் பக்கம் போயிட்டிருக்கோம். மூணு பேர்." கதவுக்கு வெளியே நின்று மாதக்கணக்கில் கேட்ட பாடத்தில் ஒரு சொல்கூடச் சிந்தவில்லை.

பேசும் பொறுப்பு போனதும் அவருக்குக் கை வந்தது. முதல் நங்கூரத்தை இறக்கினார், பிடிக்காமல் வழுக்கியது. இரண்டாவதை இறக்கினார். கயிறு விறைத்தது, படகு திரும்பி நின்றது. மச்சான் மூச்சை உள்ளிழுத்துச் சட்டையின் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளை வாத்து, தெளிவாக் கேட்டுது," என்றது பெட்டி. "அதுக்கு முன்னாடி பேசினதும் கேட்டுது. பக்கத்துல ஒரு மீன்பிடிப் படகு வருது, அப்படியே இருங்க."

மீன்பிடிப் படகு கயிறு கட்டி இழுத்துப் போகும்போதுதான் அவள் கை மைக்கை விட்டது. அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் இரு கைக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பொறாமை. எது எவ்வளவு என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"செத்தேன்னு நெனச்சேங்க," என்றாள் அவள்.

"குரல்ல தெரியல."

"உங்களுக்குக் குரலே வரல."

அவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் படகில் மைக் இருக்கும் பக்கம் அவளுடையது, நங்கூரம் இருக்கும் பக்கம் அவருடையது என்று ஆகிப்போனது.