நாற்பத்தேழாம் கொக்கி

எங்கள் கடலோர ஊரான பொர்த்வேனாவில் உலகக் கோப்பைப் பாய்ப்படகுப் போட்டி மூன்று முறை நடந்திருக்கிறது. மூன்றுக்கும் வந்து, ஒரு முறைகூடப் படகில் காலை வைக்காதவள் தபால்நிலையக் கெரென்ஸா ஒருத்திதான். "கரையில நின்னு பாத்தா கடல் அழகு. ஏறினா வாந்தி," என்பாள்.

முதல் போட்டி 1958இல். ஆலா என்ற கடற்பறவையின் பெயர் வைத்த, ஒரே ஆள் ஓட்டும் சின்னப் படகுகள், மொத்தமே பதினொன்று. அதில் மூன்று டேனிஷ்காரர்களும் ஓர் அயர்லாந்துக்காரரும். வெளியிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்களாம், உடனே உலகக் கோப்பை என்று பெயர்! எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பீற்றிக்கொள்ளச் சொல்லித்தர வேண்டுமா? பதினைந்து வயதுக் கெரென்ஸா அன்றைக்குத் தேநீரும் குங்குமப்பூ பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கோப்பை டென்மார்க், ஹாலந்து, ஆஸ்திரேலியா என்று சுற்றிவிட்டு 1979இல் திரும்பி வந்தபோது படகுகள் தொண்ணூற்றாறு. கெரென்ஸாவிடம் வில்லைப் பலகையை ஒப்படைத்தார்கள்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. பலகையில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பித்தளை வில்லை. கடலுக்குப் போகிறவர் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போவார், கரையேறியதும் மாட்டுவார். கொக்கி காலி என்றால் ஆள் இன்னும் தண்ணீரில். நேரத்துக்குள் மாட்ட மறந்தால் அன்றைய ஓட்டம் செல்லாது.

நாற்பத்தேழாம் எண் பிரேபென் என்ற டேனிஷ்காரனுடையது. முப்பது வயது, முதலிடத்தில் இருந்தான், மறதியில் அதைவிட முதலிடம். தினமும் கெரென்ஸா அவனைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

"யோவ், வில்லை எங்கய்யா?"

"பையிலதான் இருக்கு அக்கா. நான் மறந்தாலும் நீங்க மாட்டிடுவீங்கல்ல?"

"மாட்டுவேன், மாட்டுவேன். உன் காதுல!"

நாலாம் நாள் மதியம் மூடுபனி இறங்கியது. படகுகள் ஒன்றும் இரண்டுமாக முட்டி மோதிக் கரை சேர்ந்தன. நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் நாற்பத்தேழு மட்டும் காலி. கெரென்ஸா, படகுகள் இறங்கி ஏறும் சரிவுத்துறையை எட்டிப் பார்த்தாள். படகை மேலே இழுக்கும் அவனுடைய மஞ்சள் தள்ளுவண்டி அங்கே இல்லை. வண்டி போயிருந்தால் படகும் மேலே போயிருக்கும். 'மறுபடியும் மறந்துட்டான் கழுதை. கோப்பையே போயிடுமே' என்று மனசு கேட்கவில்லை. வில்லை தொலைந்தால் கொடுப்பதற்கென்று, ஓரத்தில் வெட்டுக்குறி போட்ட மாற்று வில்லைகள் மேசைக்குள் இருந்தன. நாற்பத்தேழை எடுத்து மாட்டினாள்.

பாய்ப்படகுச் சங்கத்தின் இளம் செயலாளர் டென்சில் தலையை நீட்டினான். "எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு," என்றாள்.

மீட்புப் படகுகள் எஞ்சினை அணைத்தன.

மஞ்சள் வண்டியை வேறொருவன் அவசரத்தில் மாற்றி இழுத்துப் போயிருந்தான். அது மறுநாள்தான் தெரிந்தது. பிரேபெனின் படகு கவிழ்ந்தபடி இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஆனால் பலகையில் அவன் வில்லை இருக்கிறதே! கரையேறிவிட்டு, படகைக் கடலில் தள்ளிவிட்டு, எவளுடனோ ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கெரென்ஸா மட்டும் தன் வாயை மூடிக்கொண்டாள். பயம்தான், வேறென்ன. வெட்டுக்குறி வில்லையை யாருக்கும் தெரியாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரேபெனின் மனைவி கிர்ஸ்டன் சங்கத்துக்கு வாழ்த்து அட்டை போட்டாள். ஒரே வரி: அவரிடமிருந்து ஏதாவது செய்தி உண்டா? ஊர்த் தபாலைப் பிரிக்கிறவள் கெரென்ஸா. இருபத்தைந்து அட்டைகள் அவள் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டன.

2004இல் போட்டி மூன்றாம் முறையாக வந்தது. நூற்றுப்பன்னிரண்டு படகுகள், பித்தளைக்குப் பதில் பிளாஸ்டிக் வில்லைகள். நாற்பத்தேழாம் எண்ணை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கெரென்ஸா அடம்பிடித்தாள். மரியாதைக்காக என்று நினைத்தார்கள், பாவம்.

நாலாம் நாள் மதியம் மூடுபனி இறங்கியது.

முக்கால்வாசிப் பேர் ஓட்டத்தைக் கைவிட்டுத் திரும்பினார்கள். ஐந்து மணிக்குப் பலகை நிறைந்திருந்தது. நரைத்துப்போய்ச் சங்கத் தலைவராகியிருந்த டென்சில் கேட்டார்: "எல்லாரும் வந்தாச்சா?"

அதே வார்த்தைகள். கெரென்ஸா பலகையைப் பார்த்தாள். நாற்பத்தேழாம் கொக்கியில் பித்தளை வில்லை ஒன்று பச்சைக் களிம்பேறித் தொங்கியது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

எடுத்துப் பார்த்தாள். வெட்டுக்குறி இல்லை. குறி போட்டது அவள் பையில் பத்திரமாக இருந்தது. இது கடலுக்குப் போன வில்லை. கடலுக்குப் போனது ஈரமாகத்தானே வரும்? சட்டென்று மற்ற வில்லைகளைத் தொட்டாள். ஒவ்வொன்றாக, ஒன்றிலிருந்து. எல்லாம் ஈரம். அறுபத்துமூன்று மட்டும் காய்ந்து கிடந்தது. காலையிலிருந்து அது கொக்கியை விட்டு இறங்கவே இல்லை.

"அறுபத்துமூணு வில்லை எடுக்காமப் போயிருக்கு! மீட்புப் படகை நிறுத்தாதே டென்சில், தேடு!"

"பலகை நிறைஞ்சிருக்கே அக்கா..."

"பலகையை நம்பாதே, என்னை நம்பு! இல்ல, என்னையும் நம்பாதே. போய்த் தேடு!"

நாற்பது நிமிடத்தில் தூக்கி வந்தார்கள். ஓர்லா என்ற அயர்லாந்துப் பெண், கவிழ்ந்த படகின் அடிப்பலகையைப் பிடித்தபடி விறைத்துப் போயிருந்தாள். உயிர் இருந்தது.

"எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று டென்சில் கேட்டார்.

கெரென்ஸா இரண்டு நாற்பத்தேழையும் மேசையில் வைத்தாள். "அன்னிக்குப் பிரேபென் கரைக்கு வரல. நான்தான் மாட்டினேன். வந்தாச்சுன்னு சொன்னதும் நான்தான்."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பிறகு சொன்னாள்.

அன்று மாலையே கிர்ஸ்டனுக்கு எல்லாவற்றையும் எழுதி, களிம்பேறிய வில்லையை உறைக்குள் வைத்து, தன் கையாலேயே முத்திரை குத்தி அனுப்பினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது.

"அவர் ஓடிப்போகவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உங்களை மன்னிக்க என்னால் முடியவில்லை. உறை நனைந்து வந்தது. நீங்கள் சொன்ன வில்லை அதற்குள் இல்லை. ஆனால் எங்கள் வாசலில் அவர் தொப்பி மாட்டுகிற கொக்கி ஒன்று உண்டு. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து, எத்தனை முறை துடைத்தாலும், அதன் கீழே தரை ஈரமாக இருக்கிறது."