மண்டபத்துக்குப் போட்ட புதுத் தரை

எங்கள் ஊர்ப் பொதுமண்டபம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் சிவப்புத் தரைதான். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தொடங்கிய காலத்தில், அந்த வேலைக்கு வந்தவர்கள் தங்கள் கையால் அச்சில் மண்ணை அழுத்தி, இங்கேயே சூளையில் சுட்டு, ஊருக்கென்று பதித்துக் கொடுத்த ஓடுகள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. சில ஓடுகளில் அழுத்தியவரின் விரல் தடம்கூடப் பதிந்திருக்கும். சித்திரை வெயிலிலும் வெறுங்காலுக்குக் குளுகுளுவென்று இருக்கும். பந்தி முடிந்ததும் பிள்ளைகள் நாங்கள் அதில்தான் உருண்டு கிடப்போம். அந்த ஓடுகளை அழுத்தியவர்களில் என் தாத்தாவும் ஒருவர்.

மண்டபத்துச் சாவி என் அத்தையிடம் இருந்தது. அப்பாவின் தங்கை. அந்தத் தரையில் உட்கார்ந்துதான் தாலி கட்டிக்கொண்டாள். மாமா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. பகலெல்லாம் பீங்கான் பட்டறையில் கரண்ட் பெட்டியில் செருகுகிற ஃபியூஸ் கேரியருக்கு மண் அழுத்திவிட்டு வருவாள். வந்ததும் வராததுமாக மண்டபத்தைத் திறந்து கூட்டித் துடைப்பாள். அதற்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை, அவள் கேட்டதும் இல்லை. வாய் மட்டும் பொல்லாத வாய். வெற்றிலைச் சாற்றைத் தூணோரம் துப்பிய ஒரு சம்பந்தியையே, “உங்க வூட்டு நடுவுல இப்படித்தான் துப்புவீங்களா?” என்று கேட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வைத்தவள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊருக்கு வெளியே ஏசி கல்யாண மண்டபங்கள் முளைத்தன. நான் விழுப்புரத்தில் வேலையில் இருந்தேன். எங்கள் மண்டபத்தில் கல்யாணம் குறைந்து, பிறகு காதுகுத்துக்கும் ஆள் வராமல் போய், கடைசியில் இடித்துவிட்டுக் கடைகள் கட்டலாம் என்று பேச்சு வந்தது. அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாதான் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, பழமையான கட்டடங்களைக் காப்பாற்றுகிறவர்களுக்கு மனு போட்டார். நேரில் வந்து பார்க்கிறோம், தகுதி இருந்தால் பட்டியலில் சேர்ப்போம், சேர்த்துவிட்டால் யாரும் கை வைக்க முடியாது என்று பதில் வந்தது. அன்றைக்குத் தெருவுக்கே அத்தை கேசரி கிண்டிக் கொடுத்தாளாம்.

எதைப் பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. “பொண்ணு பாக்க வராங்கன்னா மூஞ்சி கழுவாமலா நிக்க வப்போம்?” என்றாள் அத்தை. அவ்வளவுதான், ஊரே கிளம்பிவிட்டது. ஒருவர் சிமெண்டு கொடுத்தார், பட்டறை ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கூலி வாங்காமல் வேலைக்கு வந்தார்கள். தேக்குத் தூண்களுக்குப் பளபளக்கும் பச்சைப் பெயிண்ட். சுண்ணாம்புச் சுவருக்கு ரோஸ். கடலூரிலிருந்து வெள்ளை வெளேரென்று டைல்ஸ் வந்து இறங்கி, முனை தேய்ந்த சிவப்பு ஓட்டின் மேலேயே சிமெண்டு போட்டுப் பதித்தாயிற்று. அப்பா இருந்திருந்தால் பூரித்துப் போயிருப்பார் என்று என் தாத்தாவைச் சொல்லிச் சொல்லி அத்தை அழுதாள். பிள்ளையார் பிடிக்கப் போன கதை என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். அத்தனை பேருடைய ஆசையை எந்தக் கணக்கில் வைப்பது?

வந்த அதிகாரி சின்னப் பெண். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இந்த ஊர் ஆட்கள் கையாலேயே செய்த தரை என்று மனுவில் இருந்ததே, அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றாள்.

“அடியிலதான் மேடம் இருக்குது, எங்கயும் போவல” என்றாள் அத்தை.

யாரும் தடுப்பதற்குள் உளியும் சுத்தியலும் எடுத்து வந்து, புது டைல்ஸைத் தானே நெம்பினாள். அது தனியாக வரவில்லை. சிமெண்டோடு ஒட்டிக்கொண்டு சிவப்பு ஓடும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வந்தது. அடுத்ததை நெம்பினாள். அதுவும் அப்படியே. ஓரத்தில் ஒன்றாவது முழுசாக இருக்கும் என்று தவழ்ந்து போனவளை அந்தப் பெண்தான் குனிந்து கையைப் பிடித்து நிறுத்தினாள். “போதும்மா, விட்டுடுங்க” என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பட்டியலில் மண்டபம் சேரவில்லை.

இடித்தார்கள். இப்போது அங்கே செல்போன் கடை, ஜெராக்ஸ் கடை, பேக்கரி. பேருந்தில் அந்த வழியாகப் போகும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். அத்தையை யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பாவம், நல்லது பண்ணத்தானே போனாள் என்றார்கள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருப்பாள். அந்தப் பாவம்தான் அவளை அரித்துத் தின்றது.

ஒரு ஐப்பசி மழையில் அவள் வீட்டு அடுப்படி ஒழுகியது. அப்பா அனுப்பிய கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். நான் ஊருக்குப் போனபோது சத்தம் போட்டேன், இப்படியே விட்டால் சுவர் இடிந்து தலையில் விழும் என்று.

“ஒழுவட்டும் பாப்பா. நான் நல்லா பண்றேன்னு கை வச்சா ஒண்ணும் மிஞ்சாது” என்றாள்.

கோபமே இல்லாத குரல். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சாகிறவரைக்கும் அந்த வீட்டுச் சுவரில் அவள் ஓர் ஆணிகூட அடிக்க விடவில்லை.