கறுக்காத தண்ணீர்

அம்மா தினமும் இஸ்திரி போட்ட சேலை கட்டியது தண்ணீர் மெஷின் விற்ற இரண்டு வருடங்களில் மட்டும்தான். அதற்கு முன்பும் பிறகும் அந்த மரியாதை ஞாயிற்றுக்கிழமைச் சபைக்கு மட்டுமே கிடைத்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. அப்பாவுக்குப் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை. சனிக்கிழமை வந்தால் திங்கள் காலை போய்விடுவார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷினை வீடு வீடாகப் போய் விற்கும் வேலையில் அம்மாவைச் சபைக்காரி ஒருத்தி சேர்த்துவிட்டாள். ஆறே மாதத்தில் அம்மாவுக்குக் கீழே ஐந்து பெண்கள். என் அம்மா ஒரு குழுவுக்குத் தலைவி என்பதைப் பள்ளியில் நான் தேவைக்கு அதிகமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் மெஷின் விற்பது லேசான காரியம் இல்லை. வீட்டுக்கு ஒரு கிணறு உண்டு, அந்தக் கிணற்றைப் பற்றி வீட்டுக்காரருக்கு ஒரு பெருமையும் உண்டு. விருந்தாளி வந்தால் சாயாவுக்கு முன்பு ஒரு செம்பு தண்ணீர் வரும். தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்போம். குடித்துவிட்டு "நல்ல வெள்ளம்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்தவரைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் நுழைந்து உங்கள் வெள்ளம் சரியில்லை என்று சொன்னால், உங்கள் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்று சொன்ன மாதிரிதான்.

அதற்காகவே கம்பெனி ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தது. அதிலிருந்து இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிளாசில் வீட்டுத் தண்ணீர், இன்னொரு கிளாசில் மெஷின் தண்ணீர். கம்பிகளை இரண்டிலும் இறக்கிக் கரண்ட் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் வீட்டுத் தண்ணீர் கறுத்து, அழுக்கு திரண்டு நிற்கும். மெஷின் தண்ணீர் அப்படியே இருக்கும். வீட்டுக்காரர் முகம் விழுந்த நேரம் பார்த்து விலையைச் சொல்ல வேண்டும் என்பது நாகர்கோவிலிலிருந்து வரும் மேனேஜரின் பாடம்.

அம்மா அந்தப் பாடத்தைப் பாதிதான் கேட்டாள். பெட்டியை நம்பினாள், அதனாலேயே பெட்டி சொல்வதை அப்படியே சொன்னாள். எங்கள் செம்மண் பக்கத்துக் கிணறுகளில் பல கறுக்காது. கறுக்காத வீட்டில் அவள் பெட்டியை மூடிவிட்டு, உங்களுக்கு இது வேண்டாம் என்று சொல்லி எழுந்துவிடுவாள். குளச்சல் பக்கம் கடலோரக் கிணறுகள் உப்பு. அங்கே கிளாசில் கடுங்காப்பி மாதிரி நிற்கும். அங்கே விற்பாள். வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்காரர்களே குளச்சலில் உள்ள சொந்தக்காரர்களிடம் அவளைப் பற்றிச் சொல்லி அனுப்பினார்கள். எந்தக் கம்பெனி, என்ன மெஷின் என்றெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. அவள் வேண்டும் என்று சொன்னால் வாங்கலாம் என்றார்கள்.

சனிக்கிழமை மதியம் ஐந்து பெண்களும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். எத்தனை விற்றது என்பதை அம்மா கடைசியில்தான் கேட்பாள். எந்தெந்த வீட்டில் வேண்டாம் என்று சொன்னாய் என்பதே முதல் கேள்வி. சும்மா திரும்பி வந்தவளுக்கு அன்றைக்கு முதல் சாயா. இப்படி ஒரு விற்பனைக் குழு உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. அந்த ஐந்து பேரும் அம்மாவிடம் உயிராக இருந்தார்கள்.

ஒரு மாதம் விற்பனை படுத்துவிட்டது. மேனேஜர் வீட்டுக்கே வந்து, முன்னறையில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினார். மாதம் முடிய இன்னும் நான்கு நாள்; ஒரு மெஷினாவது போகாவிட்டால் குழுவை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றார். அவர் போனதும் சாயா கிளாசைக் கழுவ எடுத்துக்கொண்டு போன அம்மா கழுவாமலே நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். இந்த விஷயத்தை நாமே முடித்துவிட வேண்டும் என்று அப்போதே தீர்மானம் செய்துகொண்டேன்.

வழி தானாக வந்தது. அப்பாவின் அண்ணன், பெரியப்பா, நாலு வீடு தள்ளி இருந்தார். கோடையில் எங்கள் சந்தில் பாதிக் கிணறு வற்றும்போது சந்து முழுக்கக் குடத்தோடு அவர் வீட்டுக்குத்தான் போகும். அவரும் பல் குச்சியோடு கிணற்றடியில் நின்று யாருக்கு எத்தனை குடம் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு வேறு ஆசைகள் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தன் கிணற்றை எல்லோர் முன்னிலும் பெட்டி வைத்துச் சோதிக்க வேண்டும் என்று அவரே அம்மாவுக்கு ஆள் விட்டார். சொந்தச் செலவில் பழம்பொரி போட்டுச் சந்து முழுவதையும் அழைத்திருந்தார். தன் கிணறு ஜெயிக்கப் போவதை ஊர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பா என்னைத்தான் தண்ணீர் கோரிவரச் சொன்னார். வாளியில் கோரி, கிளாசில் ஊற்றி, அடுக்களை வழியாக வந்தேன். அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் உப்பு போட்டு வைக்கும் பரணி திறந்தே இருந்தது. குளச்சல் தண்ணீர் உப்பு, அதனால் கறுக்கிறது. எனக்குச் சயின்சில் எப்போதும் நல்ல மார்க்.

கிளாஸ் கறுக்க ஆரம்பித்தபோது முதலில் சிரித்தது பெரியப்பாதான், ஏதோ விளையாட்டு என்று. பிறகு அது மேலும் மேலும் கறுத்தது. பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. யாரோ பழம்பொரியைக் கடித்த வாயோடு அப்படியே இருந்தார்கள்.

"இத்தன வருசமா இதத்தானா பிள்ளே நான் ஊருக்குக் குடுத்தேன்?" என்று அவர் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாம் அத்தான் என்று இரண்டு முறை சொன்னாள். வேண்டாம், ஒரு தடவை பட்ட வெட்கம் போதும் என்று அவர் கையை ஆட்டிவிட்டார். அன்றைக்கே மெஷின் வேண்டும் என்றார். குழு அம்மாவிடமே இருந்தது. சந்துக்காரர்கள் மட்டும் குடத்தோடு கால்வாய்க்கு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். பெரியப்பா கிணற்றின் மேல் தகரம் போட்டு மூடினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவைக் காப்பாற்றியது நானல்லவா என்கிற நினைப்பில் அந்தப் பாவத்தைச் சீக்கிரம் மறந்துவிட்டேன்.

விற்ற வீட்டுக்கு மூன்று மாதம் கழித்துப் போய் விசாரிப்பது அம்மாவின் பழக்கம். பெரியப்பா வீட்டுக்குப் போனபோது பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். பெரியப்பா வெளியே போயிருந்தார்; பெரியம்மா மட்டும் அடுக்களையில் இருந்தாள். தகரத்தை நகர்த்தி அவளே தண்ணீர் கோரி வைத்துப் பார்த்திருக்கிறாள். கறுக்கவில்லை. மறுபடியும் கோரினாள். கறுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டாள்.

"மக்ளே, அண்ணைக்குப் பெரியப்பா வீட்டுல அந்த வெள்ளம் கொண்டு வந்தது ஆரு?"

"நாந்தான்" என்றேன்.

முகம் கழுவிட்டு வா, பசிக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த சனிக்கிழமை பெரியப்பா வீட்டு முற்றத்தில் சந்து ஆட்களையும் தன் ஐந்து பெண்களையும் கூட்டினாள். எல்லோர் முன்னிலும் தண்ணீர் கோரி வைத்தாள். தெளிவாகவே நின்றது.

"பெட்டி பொய் சொல்லிட்டுது அத்தான். அத நம்பி உங்க கிணத்துக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தது நாந்தான்" என்றாள்.

பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். பேசியது ஐந்து பேரில் மூத்தவள்.

"அப்போ இந்தப் பெட்டிய வச்சி நாம குளச்சல்ல வித்ததெல்லாம் என்னது அக்கா?"

அதையும் போய்ச் சொல்ல வேண்டியதுதான் என்றாள் அம்மா. விற்ற வீடுகளுக்கெல்லாம் அவளே போனாள். கூட இரண்டு பேர்தான் போனார்கள். சிலர் சிரித்து அனுப்பினார்கள். சிலர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். மேனேஜர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். குழுவில் ஒருத்தி மார்த்தாண்டத்தில் துணிக்கடைக்குப் போய் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தாள். இரண்டு பேர் சபையில்கூட அம்மாவுக்கு முகம் கொடுக்கவில்லை. பெரியப்பா தகரத்தை எடுத்துவிட்டார், புதுக் கயிறும் வாளியும் வாங்கிப் போட்டார். ஆனாலும் கண்ணால் கறுப்பைப் பார்த்தவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்த கோடையிலும் அவர் பல் குச்சியோடு தனியாகக் கிணற்றடியில் நின்றார்.

அந்தப் பெட்டி காட்டுவது தண்ணீரில் கரைந்த உப்பைத்தான், கறுப்பெல்லாம் கம்பியின் துருதான், கிருமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதைக் கல்லூரியில் படித்தேன். அப்படியானால் பெட்டி எப்படியும் பொய்தானே என்று கொஞ்ச காலம் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்று மாதம் கழித்து அம்மா தனியாக வந்து கிணற்றைச் சோதித்த நாளைப் பற்றி அவளாகவே பேச ஆரம்பித்தாள். கிணற்றடியில் இரண்டு தடவை வைத்துப் பார்த்த பிறகு அம்மா அடுக்களைக்கு வந்து ஒரு சிட்டிகை உப்பு கேட்டாளாம். அதைக் கிளாசில் போட்டு, கம்பியை இறக்கி, கறுத்து முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றாளாம். பிறகு தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு, "மைனி, இத ஆருட்டயும் சொல்லாண்டாம், பிள்ள சின்னப் பிள்ள" என்றாளாம்.

என் பிள்ளை உப்புப் போட்டுவிட்டது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெட்டியும் குழுவும் அவள் பேரும் மிஞ்சியிருக்கும். அதைச் சொல்லாமல், விற்பனைக்குப் போன இரண்டு வருடத்தில் சொல்லாத பொய்யை முற்றத்தில் நின்று எனக்காகச் சொன்னாள். நான் அவளிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. சொல்ல எத்தனையோ நாள் இருந்தது.

வெள்ளம் கொண்டு வந்தது யார் என்று அவள் கேட்ட அன்று சாயங்காலம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காதது, என்னை நம்பியதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.